எண் இல்லாத செய்தி

பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள்? நடுவில் வையுங்கள், எனக்கு இடைஞ்சல் இல்லை. இந்த ஜன்னலை மட்டும் மூடிவிடுகிறேன். காற்றின் மீது எனக்குக் கோபமில்லை. அதோடு சேர்ந்து வருகிற மண்தான் வேண்டாம். காற்றையும் தூளையும் சேர்த்துப் பார்த்தே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. அலுத்துவிட்டது.

ஆரல்வாய்மொழியில் இறங்குகிறேன். இல்லை, நன்றி, வரும்போது நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தூரம் தெரியும், பேருந்தின் வேகம் தெரியும். வகுத்துப் பார்த்துவிட்டேன், மூன்றரைக்கு வரும். நீங்கள் நாகர்கோவில்வரை போகிறீர்களா? சரி. பெயரெல்லாம் வேண்டாம், தவறாக எண்ணாதீர்கள். சற்று நேரத்தில் நீங்கள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

என்ன விஷயமாகப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிற வழக்கமில்லை. ஆனால் சில நாட்களாகச் சரியான உறக்கமில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. சொல்கிறேன். குறுக்கே மட்டும் பேசாதீர்கள், கோர்வை அறுந்துவிடும்.

ஜெபசெல்வி என்றொரு பெண். என்னிடம் துணைப் பொறியாளராக இருந்தவள். இன்று நான்கு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மஸ்கட்டில் இருக்கும் கணவனிடம் போகிறாள். அதற்குள் நான் அவளைப் பார்த்தாக வேண்டும். நிறுத்தத்துக்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் என் எதிரில் நின்று, என் கைபேசியில், விசாரணைக் குழுத் தலைவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "மேடம் யாரையும் எதையும் சொல்லக் கூடாது என்று தடுக்கவில்லை." அவ்வளவுதான். அந்த வாக்கியம் இன்று அவர் காதில் விழுந்தால் நான் ஆலையில் என் பழைய பொறுப்புக்குத் திரும்பலாம். விழாவிட்டால், நாளை குழு அறிக்கையை முடித்துவிடும். பிறகு ஓய்வுபெறும்வரை தலைமை அலுவலகத்தில், புதிதாய்ச் சேருகிறவர்களுக்குத் தலைக்கவசத்தின் வாரை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவளே வீட்டிலிருந்து அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? அவளிடம் தொலைபேசியைக் கொடுத்தால் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் சொல்வாள். தலைவரின் சர்க்கரை அளவுவரை விசாரிப்பாள். நேற்று நான் அழைத்தேன், கேளுங்கள்:

"மேடம்! சுகமா இருக்கியளா? முட்டுவலி எப்படி இருக்கு?"

"நாளை வருகிறேன். நிறுத்தத்தில் நிற்பாயா, மாட்டாயா?"

"நிக்கேன் மேடம். அது பஸ் ஸ்டாப்புமாதிரி தெரியாது கேட்டியளா, ரோட்டு ஓரமாத்தான் நிறுத்துவான். அப்புறம் இன்னொண்ணு, அந்த பஸ்ஸு இருக்கில்லா, அது இடையில எங்கயும்…"

"கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் அவள் இப்போதும் பேசிக்கொண்டிருப்பாள்.

ஆலையின் பெயர் எதற்கு? கடற்கரையில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதில் ஓர் அலகு என் பொறுப்பு. கச்சா எண்ணெயில் கடைசியாக மிஞ்சுகிற கனத்த எண்ணெய் இருக்கிறதே, எதற்கும் உதவாத கசடு மாதிரி, அதை உடைத்துப் பெட்ரோலாக்குகிற அலகு. உடைப்பது ஒரு தூள். வினையூக்கி என்பது பாடப்புத்தகச் சொல். ஆலையில் கேட்டலிஸ்ட் என்பார்கள். டன் கணக்கில் தூள், இரும்பு சிவக்கிற சூட்டில், ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கலனில் எண்ணெயை உடைத்துத் தன்மேல் கரி பிடித்துக்கொள்ளும். அடுத்த கலனில் அந்தக் கரியை எரித்துச் சுத்தமாகும். மறுபடி முதல் வேலைக்குப் போகும். இரவு பகல் கிடையாது.

தூள் எப்படிச் சுற்றும் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. அடியிலிருந்து அளவாகக் காற்றை ஊதினால் தூள் தண்ணீராகிவிடும். நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கொதிக்கும், அலையடிக்கும், ஓட்டை போட்டால் ஒழுகும், குழாய் வைத்தால் ஓடும். காற்று நின்றால் அந்தக் கணமே மணல்மேடு. என் கண் முன்னால் கண்ணாடிக் குழாயில் அதை முதல்முறை பார்த்த அன்று, இனி இதைத் தவிர வேறொன்றைப் படிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு உறுதியாக நான் சம்மதிக்கவில்லை.

இரண்டு கலன்களுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு குழாய். தூள் தன் எடையாலேயே அதில் இறங்கி வரும். துகள்களுக்கு இடையில் கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும்வரைதான் அந்த ஓட்டம். அந்தக் காற்றை விடாமல் பிடித்துவைப்பது எது? பெரிய துகள்கள் அல்ல. ஃபைன்ஸ் என்போம், நுண்தூள். முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட மெல்லியது. எடையில் அது ஒரு பொருட்டே அல்ல. எண்ணெயை உடைக்கிற வேலையில் அதன் பங்கும் சொற்பம். ஆனால் அது இருந்தால்தான் பெரியவை ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு இறங்கும். அது குறைந்தால் காற்று சட்டென்று பிரிந்து போய்விடும். தூள் குழாய்க்குள் இறுகும், விக்கும், நின்றுவிடும். என் முனைவர் பட்ட ஆய்வே இதுதான். ஒன்றுமில்லாதது போலத் தோன்றுகிற நுண்தூளின் அருமை என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. இதை நான் அடக்கமில்லாமலே சொல்வேன்.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன்.

நான் பொறுப்பேற்றபோது கட்டுப்பாட்டு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் போகிறவர்களும் வருகிறவர்களும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு அரட்டை அடிப்பார்கள். அதற்குக் கொறிப்பு என்று பெயரே வைத்திருந்தார்கள். ஜெபசெல்விதான் அதற்குத் தலைவி. ஊரிலிருந்து பிளாஸ்டிக் டப்பா நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவருவாள். அது தீரும்வரை பேச்சு தீராது. ஒரு நாள், அவளும் கலனடியில் வேலை பார்க்கிற பலவேசமும் பேசிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டேன்.

"பலவேசம் அண்ணே, பிள்ளைக்கு மொட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சுல்லா. மாமன் மடிய நனைச்சுட்டான். பட்டு வேட்டி."

"நல்ல மரியாத. சட்டி இன்னைக்கு எப்படி?" தூள் கொதிக்கிற கலனைச் சட்டி என்பார்கள்.

"காலையில இருந்து பெருமூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கு."

"யாரை நெனச்சோ?"

உடனே எல்லோருக்கும் சிரிப்பு. பெருமூச்சாம்! அழுத்தம் எவ்வளவு, எத்தனை நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று சொன்னால் அது செய்தி. பெருமூச்சு என்றால் நான் என்ன செய்வேன், ஆறுதலா சொல்வேன்?

மறுநாளே நிறுத்தினேன். பலகையில் என் கையாலேயே எழுதிவைத்தேன். 'செய்தி மட்டும். எண் இல்லாதது செய்தி அல்ல.' ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். சந்தியாகு என்று ஒருவன், திரையில் அலகை இயக்குகிறவன், கெட்டிக்காரன், வாய்தான் அதிகம். எழுந்து நின்று, "மேடம், ஒண்ணுக்குப் போகணும். எண் சொல்லிட்டேன்" என்றான். அறையே குலுங்கியது. விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினேன். அதற்குப் பிறகு குலுங்கவில்லை.

ஜெபசெல்வி மட்டும் என் அறைக்கு வந்து நின்றாள். "மேடம், எல்லாத்தையும் எண்ணாக்கிச் சொல்ல வராது. வாயில வாறதுல ஒண்ணு ரெண்டு தேறும்."

"தேறுகிற ஒன்றிரண்டை மட்டும் சொல்லச் சொல்."

"அது எதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, பின்ன என்னத்துக்கு மேடம் பேசப் போறாங்க?"

பாருங்கள், எப்படிப்பட்ட தர்க்கம். சிரிக்கிறீர்களா? நான் சிரிக்கவில்லை. டப்பாவை இனி அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்றேன். கொண்டுவரவில்லை. சில மாதங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாள். நன்றாகவே வேலை செய்தாள். பிறகு ராஜினாமா செய்துவிட்டாள். கணவன் கூப்பிடுகிறானாம், விசா வரும்வரை ஊரில் இருப்பாளாம். கடைசி நாள் வந்து, "போயிட்டு வாறேன் மேடம், உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்றாள். சாவியை ஒப்படைத்துவிட்டாயா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

அதற்குப் பிறகு அந்த அறை எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? வருகிறவன் வருவான், எண்களைச் சொல்வான், போகிறவன் போவான். கோயிலில்கூட அப்படி அமைதி கிடையாது. என் வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆரம்பத்தில் அவருக்கும் இந்த வழவழப் பேச்சு உண்டு. இன்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன சொன்னான், கீழ்வீட்டுப் பூனை எங்கே குட்டி போட்டது, இப்படி. மெல்ல மெல்லப் பழக்கினேன். இப்போது கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது என்பார். வேறு தொந்தரவே இல்லை. போன மாதம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததை அவருடைய தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். எங்கே விட்டேன்? ஆம், அறை.

அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் பலவேசம் என் மேசைக்கு முன் வந்து தலையைச் சொறிந்தான். "மேடம், இந்த பைக் சீட்டுல…" என்று ஆரம்பித்தான். எண் என்ன என்றேன். வண்டி எண்ணைச் சொன்னான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வண்டி நிறுத்துமிடம் நிர்வாகப் பிரிவின் பொறுப்பு, அங்கே போய்ச் சொல்" என்றேன். போய்விட்டான். இப்படித்தான் ஒன்றுமில்லாததைக் கொண்டுவந்து ஆளைத் தின்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு அந்த நாள் வந்தது. முற்பகல். அறைக்குள் நுழைந்தேன். எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. திரையில் மட்டும் இறங்குகுழாயின் அழுத்தம் விக்கல் எடுத்தவன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. தூள் சரியாக இறங்கவில்லை. காற்று போதவில்லை, இறுகுகிறது என்று எண்ணினேன். "குழாய்க்குக் காற்றைக் கூட்டு" என்றேன். சந்தியாகுவின் கை மௌஸின் மேல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி வாய் அசைந்தது. சொல்லவில்லை. கூட்டினான். இன்னும் துள்ளியது. "இன்னும் கூட்டு" என்றேன்.

குழாய்க்குள் காற்று அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் தெரியுமா? துகள்களுக்கு நடுவே நிற்காது. குமிழாகத் திரண்டு மேலே ஏறும். மேலே ஏறுகிற குமிழி, கீழே இறங்குகிற தூளை மறித்துக்கொண்டு நிற்கும். ஓட்டத்துக்கு உதவட்டும் என்று விட்ட காற்றே ஓட்டத்தை நிறுத்திவிடும். நிறுத்தியது. பாதுகாப்பு வால்வுகள் தாமாக மூடிக்கொண்டன. டன் கணக்கான தூள் அப்படியே அமர்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை, அதுவரை நல்லது. ஆனால் அலகைத் திறந்து, ஆற்றி, தோண்டி எடுத்து, மறுபடி ஓட்டுவதற்கு மாதக்கணக்காயிற்று.

திறந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கலனின் உச்சியில் சைக்ளோன் என்று கூம்பு கூம்பாக இருக்கும். வெளியே போகிற காற்றைச் சுழற்றி, அதிலுள்ள தூளைப் பிரித்து உள்ளேயே தள்ளுகிற பொறி. அதில் ஒன்றில், தூள் அறுத்து அறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக நுண்தூள் முழுவதும் நாள்தோறும் புகைக்கூண்டில் ஏறி வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. புகைக்கூண்டில் அதை அளக்கிற கருவி பழுதாகி, மாற்றுக்கருவி கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆக, எண் சொல்ல ஏதுமில்லை. கலனில் தூள் மட்டம் குறைந்ததும் உண்மைதான். குறைந்தால் நிரப்புவது வழக்கம், நிரப்பினார்கள். கருவி இல்லாத நேரத்தில் மனிதர்கள் சொல்ல வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, இருங்கள், முடித்துவிடுகிறேன்.

விசாரணையில் தலைவர் பலவேசத்தைக் கேட்டார், "தூள் வெளியே வருவது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?"

"ரொம்ப நாளாவே தெரியும் சார். வண்டியைத் தொடைக்காம உக்கார முடியாது. பேன்ட் பின்னாடி கோலம் போட்ட மாதிரி ஆயிரும். வெள்ளைப் பேன்ட் போட்டவன் தப்பிச்சான்."

"மேடத்திடம் சொன்னீர்களா?"

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னார்?"

"எண் கேட்டாங்க சார்."

தலைவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான், எனக்குத் தெரியாதா? அவன் தூள் என்றா சொன்னான்? சீட்டு என்றான். தூள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு அந்தக் கணமே விளங்கியிருக்கும். நுண்தூள் போய்விட்டது என்று தெரிந்திருந்தால் குழாய்க்குக் காற்றை வேறு விதமாகக் கணக்கிட்டிருப்பேன். குழுவில் ஓர் இளைஞர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, குமிழி எப்படித் தூளை மறிக்கும் என்று எனக்கு விளக்கினார். என் ஆய்வேட்டின் நான்காம் இயலை, எனக்கு!

பிறகு தலைவர் பொதுவாகக் கேட்டார். "பேசக் கூடாது என்று மேடம் தடுத்தாரா?" வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஆம் என்று ஒருவனும் சொல்லவில்லை. இல்லை என்றும் ஒருவனும் சொல்லவில்லை. எத்தனை ஆண்டுகள் அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன்! வாயைத் திறந்து ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருக்கக் கூடாதா? அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? உட்காரட்டுமா என்று நானே கேட்டு உட்கார்ந்தேன். தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. அவள் இருந்திருந்தால் கொடுத்திருப்பாள். அதற்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆகவேதான் ஜெபசெல்வி. அவள் சொன்னால் அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவளை அவர்களுக்குப் பிடிக்கும், ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. நான் தடுத்தது வெட்டிப் பேச்சை. செய்தியை அல்ல. இந்த வேறுபாடு படித்தவளான அவளுக்குப் புரியும். வாக்கியத்தைக்கூட நானே அமைத்து வைத்திருக்கிறேன், அவள் யோசிக்க வேண்டியதில்லை.

என்ன? வெளியே என்ன காட்டுகிறீர்கள்? காற்றாலைகளா? பார்த்திருக்கிறேன். மலைக்கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிற இடம், இருக்கத்தானே செய்யும். இந்த நடத்துநர் ஏன் இப்படி விசில் ஊதுகிறார்? "இறங்குறவங்க சட்டுனு இறங்குங்க" என்று இவ்வளவு அலறலா? ஏதோ சாலையோரத்தில் நிறுத்துகிறான். கொஞ்சம் கையை எடுங்கள், புடவை கசங்குகிறது.

அங்கே பாருங்கள், இதைத்தான் சொன்னேன். அந்தக் கடையோரத்தில் ஒருத்தி, மண்ணுக்குப் பயந்து துப்பட்டாவை முகத்தோடு சுற்றிக்கொண்டு நிற்கிறாளே, பூக்காரியிடம் ஒரு வாய், ஆட்டோக்காரரிடம் ஒரு வாய். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். இந்தப் புழுதிக்குள் நின்று பேச அப்படி என்னதான் இருக்கும்? கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வேறு. இப்போது ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கிறாள். நம் பக்கம் கையை ஆட்டுகிறாள். உங்களுக்குத் தெரிந்தவளா? இந்தக் கண்ணாடியில் படிந்திருக்கிற மண்ணில் முகம் எங்கே தெரிகிறது? விடுங்கள், பேருந்து கிளம்பிவிட்டது. அவள் ஓடிவருகிறாள், பாவம், தவறவிட்டுவிட்டாள் போலிருக்கிறது. நேரத்துக்கு ஏறத் தெரியாதவர்கள்.

எதற்கு என் தோளை உலுக்குகிறீர்கள்? சொல்லுங்கள், கோர்வை அறுந்தால் அறுந்துபோகட்டும்.

எந்த ஊர்? ஆரல்வாய்மொழியா, தாண்டிவிட்டதா?

மணி மூன்றேகால்கூட ஆகவில்லையே. இடையில் எங்கும் நிற்காத வண்டியா? அது எனக்கு எப்படித் தெரியும்? நடத்துநரே! நிறுத்துங்கள்! என்ன, இனி நாகர்கோவில்தானா? அங்கே இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வண்டி பிடித்துத் திரும்பி வந்தால்… இருங்கள், கணக்கிடுகிறேன். இல்லை. நான்கைத் தாண்டிவிடும்.

கைபேசி அடிக்கிறது. அவள்தான். எடுத்தால் முட்டுவலி எப்படி என்று கேட்பாள். அடிக்கட்டும்.

உங்களைத்தான் கேட்கிறேன், அம்மா. இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?